ரோலிங் மெசினில் வளையம் வளைக்கப் போகிறீர்களா? அதனால் என்ன முடியாது என்பதை முதலில் பாருங்கள்

கொட்டாஞ்சேனையில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஒருவருக்கு, கிடாரம் வைக்கிற அடுப்பு வளையம் மூன்று வேண்டியிருந்தது. உள்விட்டம் 600 மில்லிமீட்டர், இரும்புப் பட்டை 40க்கு 6, அதாவது அகலம் 40, தடிப்பு 6. "வளையம்தானே தம்பி, பின்னேரம் வந்து எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்தச் சின்ன வேலையை வைத்தே விளக்குகிறேன், ஏனென்றால் புதிதாகப் பழகுகிறவர் தடுக்கி விழுகிற இடங்களில் முக்கால்வாசி இந்த மூன்று வளையத்துக்குள்ளேயே இருக்கின்றன.

பட்டறையில் இருப்பது மூன்று ரோலர் மெசின். கீழே இரண்டு, மேலே ஒன்று. கீழ் ரோலர் இரண்டும் மோட்டாரில் சுற்றிப் பட்டையை இழுக்கும், மேல் ரோலர் திருகில் இறங்கி நடுவில் அமுக்கும். அவ்வளவுதான் மெசின்.

படி 1: தகட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள்

மெசினில் ஒட்டியிருக்கும் தகட்டில் "1250 அகலம், 6 தடிப்பு" என்று இருந்தால் அது சாதாரண மைல்ட் ஸ்டீலுக்கான கணக்கு. வளைக்கத் தேவையான பலம் அகலத்துக்கு நேராகக் கூடும், ஆனால் தடிப்புக்கு அதன் வர்க்கமாகக் கூடும். 6ஐ விட 8 கொஞ்சம்தானே கூட என்று நினைப்போம். 36க்கும் 64க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ஆகவே அதே மெசினில் 8 மிமீ தகடு போடுவதென்றால் அகலத்தை 700 மிமீ அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெயின்லஸ் என்றால் இன்னும் கீழே வாருங்கள், அது வளைய வளைய இறுகிக்கொண்டே போகும் சாமான்.

சின்ன விட்டத்துக்கும் எல்லை உண்டு. மேல் ரோலரின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கீழே போவது இந்த வகை மெசினில் கஷ்டம். 150 மிமீ ரோலர் என்றால் ஏறக்குறைய 225 மிமீ வளையத்தோடு சரி.

படி 2: படுக்கவா, நிறுத்தவா?

வேலை கொண்டுவருகிறவரிடம் இதைக் கேட்காமல் விலை சொல்லாதீர்கள். 40க்கு 6 பட்டையைப் படுக்கப் போட்டு வளைத்தால் 6 மிமீ தடிப்பைத்தான் மெசின் வெல்ல வேண்டும். அதே பட்டையை விளிம்பில் நிறுத்தி வளைத்தால் 40 மிமீயை வெல்ல வேண்டும், பலம் 6.7 மடங்கு வேண்டும். போதாக்குறைக்கு நிற்கிற பட்டை ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும், உள்விளிம்பு சுருங்கி நெளியும். படத்தில் பார்த்தால் இரண்டும் வளையம்தான், மெசினுக்கு இரண்டும் வேறு வேறு வேலை. நம்முடையது படுக்கிற வேலை, தப்பித்தோம்.

படி 3: நீளக் கணக்கு

பட்டை வளையும்போது வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடுவில் ஒரு கோடு மட்டும் நீளாமலும் சுருங்காமலும் இருக்கும். அந்த நடுக்கோட்டின் சுற்றளவுதான் வெட்டும் நீளம். உள்விட்டம் 600, அதோடு தடிப்பு 6, மொத்தம் 606. அதை 3.1416ஆல் பெருக்கினால் 1904 மிமீ.

சரி, 1904 வெட்டி மெசினில் விட்டால் என்ன வரும்? வளையம் வராது. இரண்டு நுனியும் நேராக விறைத்து நிற்கும், பார்க்க ஒரு பக்கம் கண்ணீர்த் துளி போல இருக்கும். இது மெசினின் கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. பட்டை வளைவதற்கு மூன்று ரோலரும் ஒரே நேரத்தில் அதைத் தொட வேண்டும், நுனியில் கடைசித் துண்டுக்கு அந்த மூன்றாவது பிடி கிடைக்காது. கீழ் ரோலர் இரண்டின் மையத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதி இப்படி நேராக நிற்கும். எங்கள் மெசினில் அந்தத் தூரம் 240, ஆக ஒவ்வொரு நுனியிலும் 120 மிமீ வீண்.

அப்படியானால் ஒரு வளையத்துக்கு 1904 கூட்டல் 240, அதாவது 2144. பழைய சோனகத் தெருவில் வாங்கிவந்த 6 மீட்டர் பட்டையில் இரண்டு வளையம்தான் தேறும், 1.7 மீட்டர் துண்டு மூலையில் சாய்ந்து கிடக்கும். மூன்றாவது வளையத்துக்கு இன்னொரு பட்டை.

இங்கேதான் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. பட்டையை வெட்டவே வேண்டாம். 6 மீட்டரையும் முழுசாக விட்டு ஸ்பிரிங் மாதிரி மூன்று சுற்றுச் சுற்றுங்கள். மூன்று சுற்றுக்கு 5712, மிச்சம் 288, நுனிக்கு 144 வீதம். நேராக நிற்கும் துண்டு மொத்தமாக இரண்டே இரண்டுதான், அவை இந்த மிச்சத்துக்குள்ளேயே போய்விடும். அப்புறம் சுருளைக் கிரைண்டரால் நான்கு இடத்தில் வெட்டினால், நுனி இரண்டும் போக மூன்று வளையம், ஒரே பட்டையில். என்னிடம் கேட்டால் இந்த வேலையில் லாபம் என்பது இந்த 288 மிமீக்குள்தான் இருக்கிறது.

படி 4: மெசினைத் தொடும் முன்

சாரத்தோடு ரோலருக்குப் பக்கத்தில் போகாதீர்கள். கையுறையும் வேண்டாம். பட்டை தூக்கும்போது போடுங்கள், ரோலர் சுற்றும்போது கழற்றுங்கள், ஏனென்றால் மெதுவாகச் சுற்றுகிறதே என்று நாம் அலட்சியமாக இருக்கும் அந்த ரோலர் துணியின் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் போகும். நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று பார்த்து, ஒரு தடவை அமுக்கி வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ரோலரைத் துடைப்பதும் இப்போதே. இரும்பின் மேலிருக்கும் கறுப்புச் செதில் உதிர்ந்து ரோலரில் ஒட்டும், அடுத்த வேலையில் பள்ளம் பள்ளமாகப் பதியும். ஸ்டெயின்லஸ் போடும்போது இது இன்னும் மோசம். இரும்புத் தூள் அதில் அழுந்திவிட்டால் கொஞ்ச நாளில் செம்புள்ளி விழும், அதுவும் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த பல்கனிக் கம்பி என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்காரர் "நல்ல ஸ்டெயின்லஸ் போடவில்லை" என்று உங்களோடுதான் சண்டைக்கு வருவார்.

படி 5: சுற்றுதல்

ஒரே அமுக்கில் முடிக்க நினைக்காதீர்கள். கொஞ்சம் இறக்கி முழு நீளத்தையும் ஓட்டுங்கள், பிறகு இன்னும் கொஞ்சம் இறக்கித் திருப்பி ஓட்டுங்கள். எனக்கு இந்தப் பட்டைக்கு நாலைந்து ஓட்டம் ஆகும். கூடுதலாக அமுக்கினால் கீழ் ரோலர் பட்டையை இழுக்காமல் வழுக்கும். முக்கியமாக, பெரிய வளைவைச் சிறிதாக்குவது சுலபம், சிறிதாகிப்போனதை விரிப்பது பெரும்பாடு.

ரோலரை விட்டு வெளியே வந்ததும் பட்டை கொஞ்சம் விரியும். எவ்வளவு விரியும் என்று புத்தகத்தில் தேடாதீர்கள், அதே அளவுப் பட்டைத் துண்டு வேறொன்றில் ஓட்டிப் பாருங்கள். பிளைவுட்டில் 600 மிமீ விட்டத்துக்கு ஒரு கால் வட்டம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதை உள்ளே வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். அளவு சரியாக வந்த இடத்தில் திருகின் நிலையைச் சோக்கால் குறித்துவிடுங்கள். இரண்டாவது சுற்று வரும்போது பட்டையைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் முதல் சுற்றின் மேலேயே ஏறும்.

படி 6: வெட்டி ஒட்டுதல்

வெட்டிய வளையத்தின் இரண்டு வாயும் ஒரு பட்டை அகலம் விலகி நிற்கும், கிளாம்ப் போட்டு நேராக்கிப் புள்ளி வெல்டிங் வையுங்கள். முழு வெல்டிங் முடிந்து, மேட்டைக் கிரைண்ட் செய்தபின் மறுபடி ஒரு ஓட்டம் ஓட்டினால் வட்டம் திருந்தும். நம் மெசினில் ரோலர்கள் ஒரு பக்கம் திறந்த அச்சில் இருப்பதால் மூடிய வளையத்தைப் போடலாம், கழற்றலாம். அகலத் தகடு சுற்றும் மெசினில் மேல் ரோலரின் ஒரு முனை திறக்க வேண்டும். திறக்காத மெசினில் வாயை மூடி வெல்டிங் வைத்தீர்கள் என்றால் உங்கள் டாங்கி அந்த மெசினுக்கே மாலையாகிவிடும்.

மற்ற எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகலத் தகட்டில் ரோலரே நடுவில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அதனால் நடுப்பகுதி விரிந்து பீப்பாய் மாதிரி வரும். ஆங்கிள் அயன் முறுக்கிக்கொள்ளும், அதற்குத் துணை ரோலர் இல்லாமல் கை வைக்காதீர்கள். பைப்புக்கு அதன் அளவில் பள்ளம் வெட்டிய ரோலர் வேண்டும், சாதா ரோலரில் சப்பையாகும்.

மூட்டே இல்லாத வளையம், பெயரிங் வளையம் மாதிரி, வேண்டும் என்று யாராவது கேட்டால் அது நம் வேலை இல்லை. அதற்குப் பெயரும் ரிங் ரோலிங்தான், ஆனால் முறை வேறு. இரும்புக் கட்டியை 1100, 1200 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி, நடுவில் துளை போட்டு, உள்ளே ஒரு ரோலரும் வெளியே ஒரு ரோலரும் நெருக்க நெருக்கச் சுவர் மெலிந்து விட்டம் பெரிதாகும். ஜெர்மனியில் க்ருப் கம்பனி 1850களில் ரயில் சக்கரத்துக்கு மூட்டில்லாத வளையம் செய்துதான் பெயர் எடுத்தது, அதன் சின்னத்தில் இருக்கும் மூன்று வளையமும் அதுதான். 2019இல் சீனாவின் ஷான்டொங்கில் 15 மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள ஒன்றை உருட்டினார்கள். அதற்கும் எல்லை உண்டு, சிக்கலான வடிவமோ நுணுக்கமான அளவோ நேராக வராது, கூடுதல் சதையோடு உருட்டி லேத்தில் கடைய வேண்டும்.

பின்னேரம் அவர் வந்தார். கொண்டுவந்த கிடாரத்தை ஒவ்வொரு வளையத்திலும் வைத்துச் சுற்றிப் பார்த்தார், ஆடவில்லை. தலையாட்டிவிட்டு, "எல்லாம் சரி தம்பி, கால் எங்கே?" என்றார். மூன்று வளையம், வளையத்துக்கு மூன்று கால், ஒன்பது துண்டு. விலை சொல்லும்போது அதை நான் கேட்கவே இல்லை.