வீட்டு ஸ்டோரேஜ் சர்வர்: எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்

நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட வீட்டு சர்வர் சும்மா ஓடும்போது 40 வாட் பக்கம்தான் இழுக்கும். அதே பெட்டி, பவர் பட்டனை அழுத்திய முதல் பத்து நொடிக்கு 150 வாட் கேட்கும். எந்த எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரன்ட்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை), எந்த வயர், எந்த யுபிஎஸ் என்பதையெல்லாம் அந்தப் பத்து நொடிதான் முடிவு செய்கிறது. பலர் பிராசஸருக்கு ஒரு மாதம் யோசித்துவிட்டு, கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்டிவிடுகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

கணக்கு

3.5 அங்குல டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் லைனில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். 5 வோல்ட் லைனில் 0.7 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். சுழல ஆரம்பித்துவிட்டால் மொத்தமே 5 முதல் 8 வாட்தான். நான்கு டிஸ்க்குக்கு: 12 வோல்ட்டில் 8 ஆம்பியர், அதாவது 96 வாட். 5 வோல்ட்டில் 14 வாட். சின்ன மதர்போர்டும் பிராசஸரும் 25 முதல் 30. எஸ்எஸ்டி, இரண்டு ஃபேன் சேர்த்து 10. ஆக 150 வாட். எட்டு டிஸ்க் என்றால் 12 வோல்ட்டில் மட்டுமே 192 வாட். மற்றதெல்லாம் சேர்ந்து 270 பக்கம் வரும்.

அப்படியானால் நான்கு டிஸ்க்குக்கு உண்மையான 300 வாட் போதும். 450 கடையில் எளிதாகக் கிடைக்கும், அதுவும் சரி. எட்டு டிஸ்க்குக்கு 550. 'எதற்கும் இருக்கட்டும்' என்று 850 வாட் வாங்காதீர்கள். 80 பிளஸ் என்ற மின்சிக்கனச் சான்றுக்கு 20, 50, 100 சதவீதச் சுமையில்தான் சோதிக்கிறார்கள். 10 சதவீதத்திலும் சோதிப்பது டைட்டேனியம் போன்ற உச்சத் தரத்துக்குத்தான். 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 40 வாட் என்பது 5 சதவீதம்கூட இல்லை. அந்த இடத்தில் கோல்ட் என்ற தரப் பெயருக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

'உண்மையான' என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். கீழே கட்டம் கட்டிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 450 வாட் என்று போட்டு, 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், டிஸ்க்கும் பிராசஸரும் பயன்படுத்தக்கூடியது 180 வாட்தான். அதே ஸ்டிக்கரில் இன்புட் வரியையும் படியுங்கள். '100–240 வோல்ட்' என்றிருந்தால் பெரும்பாலும் ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கும் கரன்ட்டைச் சீராக்கும் சுற்று) உள்ளது. சாயங்காலம் வோல்டேஜ் 170-க்கு இறங்கினாலும் அசையாது. பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய வகை. சர்வருக்கு வேண்டாம்.

வயரில்தான் தீ

பாதி எஸ்எம்பிஎஸ்களில் சாட்டா பவர் தலை (டிஸ்க்கில் செருகும் தட்டையான கனெக்டர்) மூன்றோ நான்கோதான் இருக்கும். போதவில்லை என்று ஸ்ப்ளிட்டர் வாங்கப் போவீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். சாட்டா தலையில் ஒவ்வொரு வோல்ட்டேஜுக்கும் மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர் வீதம் 4.5 ஆம்பியர்தான் தாங்கும். ஒரு சாட்டா தலையிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் பிரித்தால் ஆரம்ப நொடியில் 8 ஆம்பியர் அந்த ஒற்றைத் தலை வழியாகப் போகும். இரண்டு டிஸ்க்குக்கு மேல் பிரிக்கவே கூடாது. நான்கு பின் மோலெக்ஸ் தலை இதைவிட அதிகம் தாங்கும். பிரிப்பதென்றால் அங்கிருந்து பிரியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒரு வயருக்கு நான்கு டிஸ்க் என்பதோடு நிறுத்திக்கொண்டு, மீதியை அடுத்த வயருக்குக் கொடுங்கள்.

மோலெக்ஸ்-சாட்டா கன்வெர்ட்டரில் இரண்டு வகை. ஒன்றில் தலையின் பின்புறம் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி ஒரே கட்டியாக இருக்கும். வயர் எங்கே போகிறது என்றே தெரியாது. உருக்கி ஊற்றும்போது உள்ளே கம்பி இழைகள் நகர்ந்து 12 வோல்ட்டும் கிரவுண்டும் மயிரிழை தூரத்தில் நின்றுவிடும். சில மாதச் சூட்டில் இடையிலுள்ள பிளாஸ்டிக் கருகி ஷார்ட் ஆகும். பழுப்பேறிய சாட்டா தலை, உருகிய டிஸ்க் கனெக்டர் என்று வரும் படங்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வகை. மற்றதில் பின்மூடியைக் கழற்றலாம். கழற்றினால் ஒவ்வொரு வயரையும் ஓர் உலோகப் பல் தனியாகக் கவ்வியிருப்பது தெரியும். இதை வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு டீ, வடைக் காசு.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு கண்ணி. டிஸ்க் பக்கத்துத் தலை எல்லோருக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து சாக்கெட்டுக்குப் பொதுவான விதி கிடையாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயர் புதியதில் 'டக்' என்று அழகாக உட்காரும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். அந்த வயரில் இருந்த டிஸ்க் எல்லாம் ஒரே நொடியில் முடிந்தது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்கூட மாறுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் வயரையும் சேர்த்து மாற்றுங்கள்.

வெளிப்புற டிஸ்க்கை உடைத்து உள்ளேயிருப்பதை எடுத்துப் போடுபவர்களுக்கு: சுழலவே இல்லை என்றால் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். புதிய சாட்டா விதிப்படி பவர் தலையின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்திரு' என்று அர்த்தம். பழைய எஸ்எம்பிஎஸ் அந்தப் பின்னுக்கு எப்போதும் 3.3 கொடுத்துக்கொண்டிருக்கும். டிஸ்க்கின் அந்த ஒரு பின் மேல் கேப்டன் (Kapton) எனும் சூடு தாங்கும் டேப் ஒரு கீற்று ஒட்டினால் ஓடும். மோலெக்ஸிலிருந்து எடுத்தாலும் ஓடும், அதில் 3.3 வோல்ட்டே கிடையாது.

போர்டும் பிராசஸரும்

ஃபைல் பகிர்வது, போட்டோ பேக்கப், வீட்டு டிவிக்குப் படம் அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள். இவ்வளவுதான் வேலை என்றால் இன்டெல் என்100 தாராளம். 2023-ல் வந்த நான்கு கோர் சிப், டிடிபி (வெப்ப வரம்பு) 6 வாட், வீடியோவை மாற்றித் தர உள்ளேயே வசதி இருக்கிறது. அதன் பலவீனம் பிசிஐஇ லேன், அதாவது கார்டுகளும் சிப்களும் இணையும் பாதை: மொத்தம் ஒன்பதுதான். அதனால் ஆறு சாட்டா போர்ட் உள்ள என்100 போர்டுகளில் பெரும்பாலான போர்ட்கள் தனி சிப்பிலிருந்து வருகின்றன. ஜேஎம்பி585 என்றால் ஐந்து போர்ட். வேலை செய்யும், ஆனால் பிராசஸரை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாது. ஏஎஸ்எம்1166 ஆறு போர்ட் கொடுக்கும், தூங்கவும் விடும். வாங்குமுன் எந்த சிப் என்று கேளுங்கள். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் குட்டி போர்டுகளில் டிஸ்க்குக்கான கரன்ட்டும் போர்டு வழியாகவே போகிறது. இரண்டு டிஸ்க்குக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

ஆபீஸில் கழித்துவிட்ட பழைய ஐ5 டெஸ்க்டாப் சென்னை ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். நல்ல தேர்வுதான். ஆனால் பிராண்டட் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டு கனெக்டரும் சொந்த அளவில் இருக்கும். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது. உள்ளே எத்தனை டிஸ்க் உட்காரும், எத்தனை பவர் தலை இருக்கிறது என்று மூடியைத் திறந்து எண்ணிவிட்டுக் காசு கொடுங்கள்.

எட்டு டிஸ்க்குக்கு எச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு) வேண்டும். பழைய எல்எஸ்ஐ 9211-8i இன்னும் நன்றாக உழைக்கிறது. டிஸ்க்குகளை அப்படியே தனித்தனியாகக் காட்டும் ஐடி மோடு ஃபர்ம்வேர் போட்டதாக இருக்கவேண்டும். சர்வர் ரூமில் காற்று சீறிப் பாயும் பெட்டிக்காகச் செய்த கார்டு அது. வீட்டுக் கேபினட்டில் ஹீட்சிங்க்கைத் தொட்டால் விரல் சுடும். 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை அதன்மேல் கட்டுங்கள். இல்லையென்றால் கோடையில் எல்லா டிஸ்க்கும் ஒன்றாகக் காணாமல் போய், ரீபூட் செய்தால் திரும்பி வரும்.

ரேம் 8 ஜிபி போதும், 16 சௌகரியம். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிபி என்ற பழைய சூத்திரத்தை வீட்டில் மறந்துவிடலாம். டிஸ்க்கில் ஒன்றே ஒன்று: எஸ்எம்ஆர் (டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிய வகை) வேண்டாம், சிஎம்ஆர் (ஏறாத வகை) என்று டேட்டாஷீட்டில் பார்த்து வாங்குங்கள். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை எஸ்எம்ஆர் கலந்திருந்தது வெளியே வந்த பிறகுதான் சிஎம்ஆரை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். எஸ்எம்ஆர் டிஸ்க் தினசரி வேலையில் காட்டிக்கொடுக்காது. ஒரு டிஸ்க் போய் மாற்று டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப எழுதும் ரீபில்ட் ஓடும்போதுதான் நாள்கணக்கில் இழுக்கும்.

கரன்ட் போய் வரும் வீட்டில்

தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது. அதுவே சர்வரைக் காப்பாற்றும் என்று நினைத்துவிடுகிறார்கள். முகப்பிலோ பின்னாலோ யுபிஎஸ் மோடு, ஈகோ மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யுபிஎஸ் மோடில் மாறும் நேரம் 10, 15 மில்லி நொடி. ஈகோ மோடில் 40 வரை போகும். ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் கனமான சுமையில் 16 மில்லி நொடி போல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. சுமை குறைவாக இருந்தால் இன்னும் கூடுதலாகத் தாங்கும். ஈகோ மோடில் பத்து முறை தப்பித்துவிட்டு, டிஸ்க் எல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் பதினோராவது முறை ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் 'கொர்ர்' என்று முனகும், சூடேறும். சைன் வேவ்தான் சரி.

யுபிஎஸ் வைப்பதாக இருந்தால் 600 விஏ போதும். உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி; புதிதாக இருக்கும்போது 50 வாட்டுக்கு அரை மணி கொடுக்கும். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு, மூன்று வருடத்தில் ஐந்து நிமிடத்துக்கு வந்துவிடும், அப்போது பேட்டரியை மாற்றுங்கள். முக்கியமாக, வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். யுஎஸ்பி போர்ட் இல்லாவிட்டால் கரன்ட் போனது சர்வருக்குத் தெரியாது. பேட்டரி தீர்ந்து பொத்தென்று விழும். இருந்தால் 'நட்' (NUT) மென்பொருளைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் தானாக அணையச் சொல்லலாம். யுஎஸ்பி போர்ட் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: இன்வெர்ட்டரும் யுபிஎஸ்ஸும் இல்லாத நேரடி பிளக்கில் ஒரு பழைய வைஃபை ரௌட்டரைச் செருகி, சர்வரின் நெட்வொர்க் சுவிட்சோடு கேபிளில் இணையுங்கள். சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை அதை பிங் செய்து, அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்க்கட்டும். ஐந்து முறை பதில் இல்லையென்றால் ஷட்டவுன். அந்த சுவிட்சும் சர்வரின் யுபிஎஸ்ஸில்தான் இருக்கவேண்டும்.

பயாஸில் கரன்ட் திரும்பினால் என்ன செய்வது என்ற அமைப்பை 'அணைந்தே இரு' என்று வையுங்கள். திரும்பி வரும் கரன்ட் ஐந்து நிமிடத்தில் மூன்று முறை போய் வரும். ஒவ்வொரு முறையும் டிஸ்க் எழுந்து விழ வேண்டியதில்லை.

எர்த் இல்லாத பிளக்கில் கேபினட்டை வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர் கசியவிடும் மின்சாரம் அது. பழுதல்ல, ஆனால் எர்த் இல்லை என்று உங்களிடம் சொல்கிறது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

செலவுக் கணக்கு: சுவரில் 45 வாட் என்றால் நாளுக்கு 1.08 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 65 யூனிட். ஏற்கனவே 450 யூனிட் ஓடும் வீடு 500-ஐத் தாண்டிவிடும். அங்கே அந்த 65-க்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்களில் ஒரு பகுதிக்கும் விலை ஏறுவதால் பில் துள்ளும்.

மாட்டிய பிறகு

டேட்டா ஏற்றுவதற்கு முன் ஒரு வாரம் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் (டிஸ்க்கின் சுயபரிசோதனை) லாங் டெஸ்ட் ஓட்டுங்கள். 4 டெராபைட்டுக்கு 8 முதல் 10 மணி நேரம் ஆகும். பிறகு முழுதும் அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, போடுங்கள். இப்படிப் பத்து முறை. போடும்போது காலியாக இருக்கும் மோலெக்ஸ் தலையில் மல்டிமீட்டரை வையுங்கள்: மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4-க்குக் கீழேயோ, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75-க்குக் கீழேயோ இறங்கினால் எஸ்எம்பிஎஸ் போதவில்லை.

ஸ்மார்ட் பட்டியலில் ஒவ்வொரு அளவுக்கும் ஓர் எண் உண்டு. 10-ஆம் எண்ணின் மதிப்பு ஏறினால் டிஸ்க் சுழலத் திணறுகிறது. இரண்டு, மூன்று டிஸ்க்கில் ஒன்றாக ஏறினால் டிஸ்க்கைக் குற்றம் சொல்லாமல் பவரைப் பாருங்கள். நீங்கள் அணைக்காமலே 192 ஏறினாலும் பவர்தான். 199 மட்டும் ஏறினால் சாட்டா டேட்டா கேபிள். கிளிப் உள்ள புதிய கேபிள் போட்டால் நின்றுவிடும். 5, 197, 198 ஏறினால்தான் டிஸ்க்கை மாற்றவேண்டும். டிஸ்க் சூடு 45 டிகிரிக்குள் இருக்கட்டும். மே மாதத்தில் அதற்கு முன்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று நேராக டிஸ்க் மேல் ஊதினால் போதும்.

எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனால் ரெய்டில் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி டிஸ்க்குகளைச் சேர்த்த அமைப்பில்) எத்தனை டிஸ்க் இருந்தாலும் எல்லாம் ஒன்றாகவே போகலாம், எல்லாம் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில்தானே தொங்குகின்றன. இரண்டாவது பிரதியை வேறு பெட்டியில், வேறு பிளக்கில் வையுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் செருகி எடுக்கும் யுஎஸ்பி டிஸ்க்கானாலும் சரி.

கடைசிச் சோதனை: பெரிய ஃபைல் ஒன்றை காப்பி ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். சர்வர் ஒழுங்காக அணைகிறதா, திரும்பப் போட்டதும் இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது) பிழையில்லாமல் முடிகிறதா பாருங்கள். பேட்டரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி செய்யுங்கள்.