வீட்ல யாருக்காவது கொரோனாவா? ஆக்ஸிமீட்டர் இப்படி பாருங்க

2021 செகண்ட் வேவ்ல மெடிக்கல் மெடிக்கலா அலைஞ்சு வாங்குன, விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு பாக்குற அந்த குட்டி மெஷின் இன்னும் பீரோல கிடக்கும், எடுத்து மொதல்ல பேட்டரிய மாத்துங்க.

பாக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, நெயில் பாலிஷ் மருதாணி இருக்குற விரல் வேணாம், கை ஜில்லுன்னு இருந்தா நல்லா தேச்சுக்கோங்க. ஆள்காட்டி விரல, இல்லன்னா நடுவிரல உள்ள முட்டுற வரைக்கும் விட்டு கைய ஆட்டாம வைங்க, மொதல்ல வர்ற நம்பர நம்பாதீங்க, ஒரு நிமிஷம் போல விட்டா ஒரு இடத்துல நிக்கும் அதான் கணக்கு. ரெண்டு நம்பர் வரும், எஸ்பிஓ2ன்னு போட்டுருக்குறது தான் ஆக்ஸிஜன், இன்னொன்னு நாடித்துடிப்பு. நாடித்துடிப்பு 78னு காட்டுனத ஆக்ஸிஜன்னு நெனச்சு வீடே அலறுன கதையெல்லாம் உண்டு!

காலைல சாயங்காலம்னு நோட்ல டைம் போட்டு எழுதுங்க, டாக்டர் அதத்தான் கேப்பாரு. ஆக்ஸிஜன் 94க்கு கீழ போனா வேற விரல்ல ஒருதடவ பாருங்க, அப்பவும் அப்படியேன்னா உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க. ஆஸ்பத்திரிக்கு போகணும்னா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் குப்புற படுக்க வைக்கலாம், ஆனா இப்பதான் சாப்டவங்க, கர்ப்பிணிங்க, ஹார்ட் ப்ராப்ளம் இருக்குறவங்களுக்கு வேணாம்.

நம்பர் 97 காட்டுது ஆனா மூச்சு வாங்குது, உதடு நீலமா இருக்கு, பேச்சு குழறுதுன்னா மெஷின தூக்கி ஓரமா வச்சுட்டு 108க்கு அடிங்க.