‘கேஸ்தான்’ என்று முடிவு கட்டும் முன்: ஓயாத மேல்வயிற்றுத் தொந்தரவில் நேரும் தவறுகள்

மாதக்கணக்கில் மேல்வயிற்றுத் தொந்தரவோடு இருப்பவர்கள் மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பெரும்பாலும் நோயின் பெயரைத்தான் சொல்கிறார்கள். “எனக்கு அல்சர் சார்”, “கேஸ் டிரபிள் டாக்டர், பத்து வருஷமா இருக்கு.” எங்கே வலிக்கிறது, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். கூட்டம் நெரிக்கிற ஓ.பி.யில் மருத்துவரும் அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டு மாத்திரை எழுதிவிடுவது உண்டு. அடுத்தடுத்து வரும் தவறுகள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன.

விலா எலும்புக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே இருக்கிற அந்தச் சிறிய இடத்தில் இரைப்பை, முன்சிறுகுடல், கல்லீரல், பித்தப்பை, கணையம் எல்லாம் நெருக்கியடித்து இருக்கின்றன. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு மேலே ஒட்டினாற்போல் இதயம். இவற்றின் வலி நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போய்ச் சேருவதால், வலி எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று மூளையால் துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் வலிக்கிற இடத்தை மட்டும் வைத்துக் காரணம் சொல்வது ஆபத்து. சாப்பாட்டுக்கும் வலிக்கும் என்ன தொடர்பு, இரவில் எழுப்புகிறதா, முதுகுக்குப் போகிறதா, நடந்தால் கூடுகிறதா, எடை குறைந்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கான பதில்களே பாதி வழியைக் காட்டிவிடும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு போகிறவருக்குத் தேவையற்ற பரிசோதனைகள் குறையும்.

வாயு என்று நினைத்து இதயத்தை மறப்பது

மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். இதில் கிடைக்காமல் போகலாம். இதயத்தின் அடிப்பகுதிச் சுவருக்கு ரத்தம் குறையும்போது வலி நெஞ்சில் வராமல் நெஞ்சுக்குழியில் அடைப்பாக, எரிச்சலாக, குமட்டலாக வரலாம். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் ஆகியோரிடம் இப்படி வருவது சாதாரணம். நம் வீடுகளில் உடனே சோடா, ஓமத் தண்ணீர், ஈனோ. ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசானால் “பார்த்தியா, வாயுதான்” என்று தீர்ப்பும் வந்துவிடும். ஆன்டாசிட் குடித்து வலி குறைவது இதயத்தில் கோளாறு இல்லை என்பதற்கு அத்தாட்சியே ஆகாது.

நாள்பட்ட தொந்தரவிலும் இதயம் ஒளிந்திருக்கலாம். மாடி ஏறினால், வேகமாக நடந்தால், குறிப்பாகச் சாப்பிட்டுவிட்டு நடந்தால் நெஞ்சுக்குழி இறுகுகிறது. நின்றதும் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்றால், அது இரைப்பையின் குணம் அல்ல. வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, தாடைக்கோ கைக்கோ வலி பரவுவது ஆகியவற்றோடு திடீரென்று வந்தால் 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது. முதல் ஈசிஜி நார்மலாக இருந்ததாலேயே வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. சில மணி நேரம் வைத்திருந்து ஈசிஜியையும் இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் மறுபடி பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

காரணம் தேடும் முன்பே அமில மாத்திரை

மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைப்பதால், அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் மாத்திரைகளைக் காலை காபி மாதிரி ஆக்கிக்கொண்டவர்கள் ஏராளம். மாத்திரை கெட்டது என்று சொல்ல வரவில்லை. சரியான நோய்க்கு இதைவிட நல்ல மருந்து குறைவு. ஆனால் பரிசோதனைக்கு முன்பே தொடர்ந்து போட்டால் தடயம் அழிந்துவிடுகிறது. இரைப்பைப் புற்றுநோயில் இருக்கும் புண்கூட இந்த மாத்திரையால் தற்காலிகமாக ஆறியது போலத் தெரியலாம். குடல்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று காட்டலாம். அதனால்தான் அந்தப் பரிசோதனைகளுக்கு முன் இந்த மாத்திரைகளை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் நிறுத்தச் சொல்கிறார்கள். (ஆஸ்பிரின் சாப்பிடும் இதய நோயாளிகள் போல, பாதுகாப்புக்காக இதை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.)

போடுகிற நேரத்திலும் தவறு நடக்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டிய மாத்திரையை, சாப்பிட்டு எரிச்சல் வந்த பிறகு போட்டுவிட்டு “எனக்கு இது கேட்கல” என்பவர்கள் உண்டு. மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரந்து சில வாரம் படுத்தும். அதைப் பழைய நோய் திரும்பியதாக எண்ணி மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். வருடக்கணக்கில் நீண்டால் பி12, மெக்னீசியம் குறையவும் வாய்ப்புண்டு.

பழியெல்லாம் காரத்தின் மேல்

குடல்புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிதான் காரணம் என்றபோது பலர் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனாலும் இன்றுவரை தயிர்சாதப் பத்தியத்திலேயே வருடங்களை ஓட்டிவிட்டு, கிருமிப் பரிசோதனை ஒருமுறைகூடச் செய்யாதவர்களைப் பார்க்கலாம்.

பரிசோதித்தவர்களிடமும் பிழை நுழைகிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனையால் பழைய தொற்றையும் இப்போதிருக்கும் தொற்றையும் பிரித்தறிய முடியாது. கிருமியை ஒழிக்கும் மருந்துத் தொகுப்பை வழக்கமாக 14 நாள் எடுக்க வேண்டும். வாய்க்கசப்பு தாங்காமல் ஐந்தாம் நாளே நிறுத்துகிறவர்கள் கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தத் தொகுப்பில் வரும் மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இந்தியாவில் எதிர்ப்பு ஏற்கெனவே அதிகம். எனவே சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடி பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. “வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?” என்றால் “இல்லை” என்பார்கள், மூட்டு வலிக்குத் தினமும் போடும் டைக்ளோஃபெனாக் அவர்கள் கணக்கில் மருந்தே அல்ல. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது என்பதும் தவறான நம்பிக்கை. இவை ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையின் காப்புப் படலத்தைக் குலைக்கின்றன. ஊசியாகப் போட்டாலும் அதே கதைதான். வயதானவர்களுக்கு வலியே தெரியாமல் நேரடியாக ரத்தக் கசிவில் போய் முடியலாம். இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட், இப்போது எடை குறைக்க எடுக்கும் செமாக்ளுடைடு ஆகியவையும் மேல்வயிற்றைப் படுத்தும். மூட்டு வலிக்கு வாங்கும் பெயர் தெரியாத பொடிகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சிலவற்றில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

“வயிற்று ஸ்கேன் நார்மல், அதனால் அல்சர் இல்லை” என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இரைப்பையின் உட்சுவர்ப் புண் தெரியாது. அதற்கு, கேமரா வைத்த குழாயை வாய்வழியாக விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிதான். கணையமும் பல நேரம் குடல் வாயுவுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறு, ஸ்கேனில் எது தெரிந்தாலும் அதையே குற்றவாளியாக்குவது. பித்தப்பைக் கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அதனால் தொந்தரவு வருவதே இல்லை. கல்லின் வலிக்கு ஒரு முகம் உண்டு: வலது விலாவுக்குக் கீழோ நெஞ்சுக்குழியிலோ ஏறி, அரை மணி முதல் சில மணி நேரம் விடாமல் நின்று, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவி, பிறகு முழுதாக விலகிவிடும். பெரும்பாலும் இரவில் வரும். தினமும் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று இருக்கிறது, ஏப்பம் வருகிறது என்பவரின் பித்தப்பையை எடுத்தால் கல் போய்விடும், ஏப்பம் அப்படியே இருக்கும். அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் “என் தொந்தரவு இந்தக் கல்லால்தானா?” என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது. ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ (கல்லீரலில் லேசான கொழுப்பு) என்ற வரியும் அப்படித்தான். சர்க்கரையையும் எடையையும் கவனிக்கச் சொல்லும் செய்தி அது, வலிக்கு விளக்கம் அல்ல.

கணையத்தைப் பலரும் நினைப்பதில்லை. முதுகைத் துளைக்கும் வலி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றே ஆறுதல், எண்ணெய் மிதக்கும் மலம் ஆகியவை அதன் அடையாளங்கள். குடிப்பவர்களுக்குத்தான் வரும் என்றும் இல்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மதுவைத் தொடாத இளவயதினருக்கே கற்களோடு கூடிய நாள்பட்ட கணைய அழற்சி வருவது நெடுங்காலமாக அறியப்பட்டது. இதில், கணைய நொதியான அமைலேஸின் அளவு ரத்தத்தில் நார்மலாகவே இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, கூடவே எடையும் குறைந்தால் சிடி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலியா? மல்லாந்து படுத்து, அந்த இடத்தை அழுத்தியபடி தலையைத் தூக்கிப் பாருங்கள். வலி கூடினால் அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரின் தசையிலோ நரம்பிலோ இருக்கிறது. செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எத்தனை பேர் சிடி வரை போயிருக்கிறார்களோ!

எண்டோஸ்கோபி: தேவையானவர் தள்ளிப்போடுவதும், தேவையற்றவர் திரும்பத் திரும்பச் செய்வதும்

தானாக எடை குறைவது, விழுங்குவதில் சிரமம், ஓயாத வாந்தி, ரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை, மஞ்சள் காமாலை, வயிற்றில் கட்டி, நெருங்கிய ரத்த உறவில் இரைப்பைப் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. (இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் இருக்காது.) வயதும் முக்கியம். அமெரிக்க, கனடிய இரைப்பை குடல் மருத்துவச் சங்கங்களின் 2017 வழிகாட்டுதல், செரியாமைக்கு எண்டோஸ்கோபி செய்ய 60 வயதை எல்லையாக வைக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் இளம் வயதிலேயே காணப்படும் பகுதிகளில் மருத்துவர்கள் அதற்கும் வெகு முன்பே பார்த்துவிடுகிறார்கள். இரைப்பையில் புண் என்று வந்தால் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் ஆறியதா என்று மறுபடி பார்க்க வேண்டியும் இருக்கலாம்.

இன்னொரு பக்கம், அபாய அறிகுறி எதுவுமில்லாத முப்பது வயதுக்காரர் வருடா வருடம் எண்டோஸ்கோபி செய்துகொண்டு, ‘லேசான கேஸ்ட்ரைட்டிஸ்’ (இரைப்பை அழற்சி) என்ற ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துவைத்திருப்பார். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் காணப்படுவது அது.

எண்டோஸ்கோபி செய்துகொள்ளும் பெரும்பாலானவர்களுக்குப் புண்ணோ கட்டியோ இருப்பதில்லை. “உங்களுக்கு ஒண்ணுமில்லை, மனப்பிரமை” என்று அவர்களை அனுப்பிவிடுவது மருத்துவர் தரப்பின் பெரிய பிழை. இரைப்பை விரிந்துகொடுப்பதில் கோளாறு, நரம்புகளின் மிகை உணர்வு ஆகியவற்றால் வரும் செயல்பாட்டுச் செரியாமை ஒரு நிஜமான நோய். இத்தகைய செரிமானக் கோளாறுகளுக்காக 2016-இல் வெளியான ரோம் 4 என்ற சர்வதேச வரையறை அதற்குக் கால அளவைக்கூடக் குறித்திருக்கிறது: தொடங்கி 6 மாதமாவது ஆகி, கடைசி 3 மாதமும் அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். கிருமி இருந்தால் ஒழிப்பது, சில வாரம் அமில மாத்திரை, கேட்காவிட்டால் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்று சிகிச்சையும் உண்டு. அந்தச் சீட்டில் மனச்சோர்வு மருந்தின் பெயரைக் கூகுளில் பார்த்துவிட்டு, தன்னை மனநோயாளி ஆக்கிவிட்டதாகக் கோபப்பட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அது குடல் நரம்புகளின் கூச்சத்தைக் குறைக்கத் தரப்படுகிறது என்பதை எழுதிக்கொடுப்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செயல்பாட்டுச் செரியாமைதான் என்று ஒருமுறை முடிவானவருக்கு ஐந்து வருடம் கழித்துப் பசி குறைந்து, பெல்ட் ஓட்டை இரண்டு உள்ளே போனால், பழைய நார்மல் ரிப்போர்ட் செல்லாது. பரிசோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.