ஃப்ரீலான்ஸ் ப்ராஜெக்டில் எங்கே வேகம், எங்கே நிதானம்: நான் பிரிக்கும் முறை

வேகமா, தரமா என்று மொத்த ப்ராஜெக்டுக்கும் ஒரே முடிவு எடுப்பதால்தான் பாதித் தொல்லை. பகுதி பகுதியாக முடிவெடுத்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git), டேட்டாபேஸ் இரண்டும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: எது "முடிந்தது" என்று எழுதிவிடுங்கள்

கொட்டேஷனில் "பாஸ்வேர்டு ரீசெட் வசதி" என்று மட்டும் போட்டால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். "லிங்க் 30 நிமிடத்தில் காலாவதியாகும், ஒருமுறைதான் வேலை செய்யும்" என்று எழுதி, கிளையன்ட் சரி சொன்ன பிறகு கோடு (code) எழுதத் தொடங்குங்கள்.

படி 2: தப்பானால் மீள முடியுமா என்று பாருங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான், எனக்கும் இது பிடிபட நாளானது. எது முக்கியம் என்று கேட்டால் கிளையன்ட் எல்லாமே முக்கியம் என்பார். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: இது தப்பாகப் போனால் அடுத்த டிப்ளாயில், அதாவது புதிய பதிப்பை சர்வரில் ஏற்றும்போது, சரிசெய்ய முடியுமா?

பட்டன் நிறம், ரிப்போர்ட் பக்கத்தின் அமைப்பு இதெல்லாம் முடியும். அங்கே வேகமாகப் போங்கள். டேபிள் அமைப்பு, பணக் கணக்கு, யாருக்கு என்ன அனுமதி, டேட்டாவை அழிக்கும் வேலை இவற்றில் முடியாது. லைவ் டேட்டா ஏறிவிட்டால் கோடை மட்டும் திருத்தி மீள வழியில்லை.

பேமென்ட்டை எடுத்துக்கொள்வோம். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். எனவே தொகையைத் தசம எண்களுக்கான ஃப்ளோட் வகையில் வைக்காமல், அந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள்.

அடுத்தது வெப்ஹுக், அதாவது பணம் வந்தது போன்ற ஈவென்ட் நடந்ததும் பேமென்ட் சேவை உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி. ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் சேவை ஒரே ஈவென்ட்டை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பக்கூடும். ஈவென்ட் ஐடிக்கு யுனீக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இருமுறை பதிவாகாது) போட்ட டேபிள் ஒன்று வைத்து, ஐடி ஏற்கெனவே இருந்தால் "கிடைத்தது" என்று பொருள்படும் 200 பதில் கொடுத்துவிட்டு வெளியேறுங்கள். ஆனால் ஐடியைச் சேமிப்பதும் ஆர்டரின் நிலையை மாற்றுவதும் ஒரே டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்ஷனுக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காது. தனித்தனியாக இருந்து, ஐடி பதிவான பிறகு சர்வர் விழுந்தால், மறுபடி வரும் ஈவென்ட்டை உங்கள் கோடு "பார்த்தாயிற்று" என்று ஒதுக்கிவிடும். பணம் வந்திருக்கும், ஆர்டர் நகராது. எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

படி 3: மிஷின் பார்க்கட்டும்

ஃபார்மேட்டிங், அதாவது கோடின் இடைவெளி, வரி அமைப்பு பற்றி யோசிப்பதே வீண். அதைத் தானாகச் சரிசெய்யும் கருவிகள் உண்டு: பைத்தானுக்கு ரஃப், ஜாவாஸ்கிரிப்டுக்கு ப்ரிட்டியர், இரண்டையும் கமிட்டுக்கு முன்பே ஓட வையுங்கள். கோடின் ஒவ்வொரு வரியும் டெஸ்ட்டில் ஓட வேண்டும் என்று நூறு சதவீத டெஸ்ட் கவரேஜைத் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பணக் கணக்குக்கு ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனியாகச் சோதிக்கும் விரிவான யூனிட் டெஸ்ட், லாகின் முதல் பேமென்ட் வரை பிரௌசரைத் தானாக இயக்கிப் பார்க்கும் ஒரு ப்ளேரைட் டெஸ்ட், சின்ன ப்ராஜெக்டுக்குத் தொடங்க இது போதும்.

படி 4: வேகப் பகுதியில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்

பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ என்றால், அதனுடன் வரும் அட்மின் பக்கமே கிளையன்ட்டின் அலுவலக ஆட்களுக்குப் பெரும்பாலும் போதும். அழகான டாஷ்போர்டு பிறகு வரட்டும். தள்ளிவைத்த ஒவ்வொன்றையும் ரீட்மீயில் (ப்ராஜெக்டின் குறிப்பு ஃபைல்) எழுதி, ஒப்படைக்கும்போது கிளையன்ட்டிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: பாதியில் கிளையன்ட் "இதையும் சேர்த்துடுங்க, சின்ன வேலைதானே" என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரி என்று சொல்லிவிட்டு டெஸ்ட்டை வெட்டாதீர்கள். நான் அனுப்பும் பதில் இதுதான்: "சேர்க்கலாம். தேதி மாறக்கூடாது என்றால் எக்செல் ஏற்றுமதியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளலாம். இரண்டுமே வேண்டுமானால் தேதியும் தொகையும் கூடும். எது வசதி?"

இன்னொருவர், வேறொருவர் எழுதிய பழைய கோடு கைக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். மாற்றப்போகும் ஃபங்ஷன் இப்போது என்ன விடை தருகிறதோ அதையே டெஸ்ட்டாக எழுதிக்கொண்டு, அப்புறம் தொடுங்கள். விடை தப்பு என்று தோன்றினாலும் முதலில் அப்படியே எழுதுங்கள். அந்தத் தப்பை நம்பி வேறொரு பகுதி ஓடிக்கொண்டிருக்கலாம்.