லண்டனில் வீடு பார்க்கும் முன், பள்ளியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்

பிள்ளைகளோடு லண்டன் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ஏரியா நல்லது?" என்றுதான். கேட்ட உடனே ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ, வெம்ப்ளி, டூட்டிங், சட்டன் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாமே நம் ஆட்கள் குடும்பமாக வாழும் இடங்கள்தான், எதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இங்கே அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது உங்கள் வீட்டு முகவரியையும், நீங்கள் வந்து சேரும் மாதத்தையும் பொறுத்தது. ஏரியா பெயரை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் பள்ளியைத் தேடுவதால்தான் பல குடும்பங்கள் அல்லாடுகின்றன. வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளையின் வகுப்பில் எங்கே இடம் காலியாக இருக்கிறது, அவற்றில் எது நல்ல பள்ளி, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எங்கே வீடு கிடைக்கும், அந்த வாடகை நமக்குக் கட்டுப்படியாகுமா, இந்த வரிசைதான் வேலைக்கு ஆகும்.

முதலில் வகுப்புக் கணக்கு. இங்கிலாந்தில் பிள்ளையை வயதை வைத்துத்தான் வகுப்பில் சேர்ப்பார்கள், ஊரில் எத்தனாவது முடித்தான் என்பது பொருட்டில்லை. செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. நான்கு வயது முடிந்த பின் வரும் செப்டம்பரில் ரிசப்ஷன், அதற்கு அடுத்த வருடம் இயர் 1. பதினொன்று முடிந்து வரும் செப்டம்பரில் இயர் 7, அதாவது மேல்நிலைப் பள்ளி. ரிசப்ஷனுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15, இயர் 7-க்கு அக்டோபர் 31. இந்தத் தேதிகளுக்குள் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் முன்னுரிமை, பின்னால் வருகிறவர்களுக்கு மிச்சம் இருப்பதுதான்.

நீங்கள் மார்ச்சிலோ நவம்பரிலோ வந்து இறங்கினால் அதற்குப் பெயர் 'இன்-இயர் அட்மிஷன்', வருடத்தின் நடுவில் சேர்வது. புதிதாக வருகிற பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நடக்கிறது, ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பெயர் பெற்ற பள்ளியில் அந்த வகுப்பு நிரம்பியிருந்தால், நீங்கள் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தாலும் காத்திருப்போர் பட்டியலில்தான் போடுவார்கள். ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்டத்தில் உள்ள வரம்பு, முப்பத்தொன்றாவது பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள விதிவிலக்குகள் மிகக் குறைவு. அதனால் வீடு பார்க்கப் போகும் முன்பே நீங்கள் யோசிக்கும் ஏரியாவின் கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், பள்ளிச் சேர்க்கையைக் கவனிக்கும் அட்மிஷன்ஸ் பிரிவுக்குப் போன் போடுங்கள். "இயர் 3-லும் இயர் 6-லும் எந்தெந்தப் பள்ளியில் இப்போது இடம் இருக்கிறது?" என்று நேராகக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள். சில பள்ளிகள் வருட நடுவில் வரும் விண்ணப்பங்களைக் கவுன்சில் வழியாக வாங்காமல் தாங்களே வாங்கும், அவற்றுக்குத் தனியாக அழைக்க வேண்டும். அரை நாள் வேலைதான்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் இதை இன்னும் கவனமாகச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவனுக்கு ஒரு பள்ளியிலும் சின்னவளுக்கு ஒன்றரை மைல் தள்ளி இன்னொரு பள்ளியிலும் இடம் கிடைத்தது. இரண்டுக்கும் காலை மணி ஏறக்குறைய ஒரே நேரம். கார் கிடையாது. அந்த அம்மா முதல் பிள்ளையை விட்டுவிட்டு இரண்டாவதை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார், சின்னவளுக்குத் தாமத வருகை என்று பதிவு மேல் பதிவு விழுந்தது. இருவருக்கும் சேர்ந்து இடம் இருக்கிற, சற்றுப் பெயர் குறைந்த பள்ளி அரை மைலில் இருந்தது, அங்கே போன பிறகுதான் வீட்டில் நிம்மதி வந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒரே வாசலில் இறங்குவதற்கு நான் கொடுக்கும் மதிப்பு மிக அதிகம்.

ஆரம்பப் பள்ளிகளைப் பொறுத்தவரை இப்போது நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. லண்டனில் பிறப்பு குறைந்ததால் ஹாக்னி, லாம்பெத், சதக் போன்ற உள்பகுதிகளில் பிள்ளைகள் இல்லாமல் சில பள்ளிகளை மூடவும் இணைக்கவும் செய்திருக்கிறார்கள். ஆக இடம் கிடைக்கும், ஆனால் அந்தப் பள்ளியே அடுத்த வருடம் மூடப்படும் பேச்சில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளியில்தான் போட்டி கடுமை.

இனி 'நல்ல பள்ளி' என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது. எல்லோரும் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கையைப் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அறிக்கையின் தேதியை முதலில் பாருங்கள். 'அவுட்ஸ்டாண்டிங்' என்ற உச்சத் தரம் வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது, அதனால் அந்தப் பட்டத்தைப் பல வருடம் புதிய ஆய்வே இல்லாமல் வைத்திருந்த பள்ளிகள் உண்டு. 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரே வார்த்தையில் ஒட்டுமொத்தத் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள், 2025 நவம்பர் முதல் ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனியாக மதிப்பிடும் புது அறிக்கை வந்திருக்கிறது. பழைய வார்த்தையை மட்டும் பெருமையாகப் பலகையில் தொங்கவிட்டிருக்கும் பள்ளியிடம் மயங்க வேண்டாம். அறிக்கையில் பிள்ளைகளின் நடத்தை, வருகைப் பதிவு, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்ற பத்திகளைப் படியுங்கள். நம் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் அதுதான் உயிர்நாடி.

அறிக்கையைவிட எனக்கு அதிகம் சொல்வது பள்ளி விடும் நேரத்து வாசல். மூன்று மணி சுமாருக்கு எதிர்ப்பக்கம் பத்து நிமிடம் நில்லுங்கள். ஆசிரியர்கள் வாசலுக்கு வந்து பெற்றோரிடம் பேசுகிறார்களா, பிள்ளைகள் தள்ளுமுள்ளு இல்லாமல் வெளியே வருகிறார்களா, மேல்நிலைப் பள்ளி என்றால் பஸ் நிறுத்தத்தில் என்ன நடக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். வெளியே காத்திருக்கும் பெற்றோரில் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். "போன வருடம் எத்தனை டீச்சர் மாறினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், எந்த இணையதளத்திலும் கிடைக்காத தகவல் அது.

நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளியான கிராமர் ஸ்கூல் மேல் ஆசை நம்மிடம் நிறைய. இங்கிலாந்து முழுவதுக்கும் 163 கிராமர் பள்ளிகள்தான். லண்டனில் சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், பெக்ஸ்லி, ரெட்பிரிட்ஜ் போன்ற சில கவுன்சில்களில் இருக்கின்றன, ஹாரோவிலோ நியூஹாமிலோ கிடையாது. நுழைவுத் தேர்வு பொதுவாக இயர் 6 தொடங்கும் செப்டம்பரிலேயே நடக்கும், பதிவு அதற்கு முந்தைய கோடையிலேயே பல இடங்களில் முடிந்துவிடும். பிள்ளைக்கு ஆறு வயதாகும்போதே அதற்காகச் சட்டனில் அதிக வாடகைக்குப் போய் உட்கார்வதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல சாதாரண மேல்நிலைப் பள்ளி இருக்கும் இடமே பாதுகாப்பான தேர்வு, ஏனென்றால் தேர்வில் தேறாவிட்டாலும் பிள்ளை அங்கேதான் ஏழு வருடம் படிக்கப் போகிறது.

முகவரி விஷயத்தில் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் அண்ணன் தம்பி அங்கே படிக்கிறார்களா என்பதற்கு அடுத்து தூரம்தான் அளவுகோல், பிரபலமான பள்ளிகளில் அது சில நூறு மீட்டருக்குச் சுருங்கிவிடும். போன வருடம் கடைசியாக எவ்வளவு தூரத்தில் இருந்த பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்பதைப் பல கவுன்சில்கள் வெளியிடும் அட்மிஷன் கையேட்டில் காணலாம், வீட்டு ஏஜென்ட் சொல்லும் "கேட்ச்மென்டில்தான் (பள்ளி பிள்ளைகளைச் சேர்க்கும் சுற்றுவட்டத்தில்தான்) இருக்கிறது" என்ற வார்த்தையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாமா வீட்டு முகவரியைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கவுன்சில் வாடகை ஒப்பந்தமும், குடியிருப்பவர் கட்டும் கவுன்சில் வரியின் ரசீதும் கேட்கும், பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பள்ளி கவுன்சில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம், வெளியூர்க்காரர் என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்பது 1989-ல் நீதிமன்றம் சொன்னது.

பணத்துக்கு வருவோம். ஏஜென்ட்கள் பெரும்பாலும் மாத வாடகையின் 30 மடங்கு வருடச் சம்பளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1,800 பவுண்டு வாடகை என்றால் 54,000 பவுண்டு சம்பளம். அதற்குக் கீழே இருந்தால் உத்தரவாதம் கொடுக்க ஆள் கேட்பார்கள். வருட வாடகை 50,000 பவுண்டுக்குள் இருக்கிற வீட்டுக்கு டிபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதே 1,800 பவுண்டு வீட்டுக்கு அது சுமார் 2,077 பவுண்டு. வீட்டைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. டிபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பாதுகாப்பாகப் போட வேண்டும், அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். இங்கே கடன் வரலாறு இல்லாத நம்மிடம் ஆறு மாத, ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கேட்பது முன்பு வழக்கமாக இருந்தது. 2026 மே 1-ல் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி அது செல்லாது, ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக் கூடாது, விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் கேட்பதும் கூடாது, பிள்ளைகள் இருப்பதால் வீடு தரமாட்டோம் என்பதும் கூடாது.

வாடகையோடு கவுன்சில் வரியையும் கூட்டிப் பாருங்கள். டூட்டிங் வான்ட்ஸ்வர்த் கவுன்சிலில் வருகிறது, நாட்டிலேயே மிகக் குறைந்த வரி வாங்கும் கவுன்சில்களில் ஒன்று. சற்று நடந்தால் மிட்சம் (Mitcham) என்ற ஏரியா, அது மெர்ட்டன் கவுன்சில், ஒரே பேண்டில் (வரிக்காக வீட்டு மதிப்பை வைத்துப் பிரித்த பிரிவு) உள்ள வீட்டுக்கு வரி பல வருடங்களாக ஏறக்குறைய இரண்டு மடங்கு. குராய்டனில் 2023-ல் ஒரே வருடத்தில் 15 சதவீதம் ஏற்றினார்கள். வாடகை நூறு பவுண்டு குறைவு என்று போய், வரியில் அதைக் கொடுத்துவிட்டு வருவது சாதாரணமாக நடக்கிறது. வீட்டுக்கு A முதல் G வரை தரம் போடும் எரிசக்திச் சான்றையும் (EPC) பாருங்கள், A-தான் சிறந்தது. E தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை, பதிவு பெற்ற விலக்கு இல்லாமல், வாடகைக்கு விடக் கூடாது. E-க்கும் C-க்கும் குளிர்காலக் கேஸ் பில்லில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வீடு பார்க்கும்போது வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னால் செல்போன் விளக்கடித்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சணம். ஜன்னல் ஓரமும் குளியலறைக் கூரையும் புதிதாக வெள்ளையடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்கு இது ஆகவே ஆகாது.

லண்டனிலேயே இருப்பதில் சில சேமிப்புகளும் உண்டு. 2023 செப்டம்பர் முதல் அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். 11 முதல் 15 வயது வரை ஸிப் ஆய்ஸ்டர் என்ற பிள்ளைகளுக்கான பயண அட்டை இருந்தால் பஸ் இலவசம். எலிசபெத் லைன் என்ற ரயில் பாதை வந்த பிறகு ஸ்லௌ, ரெடிங் வரைக்கும் போய் வீடு பார்க்கிறார்கள், அங்கே வாடகை குறையலாம், ஆனால் தினமும் ஆபீஸ் போக வேண்டிய வேலை என்றால் ரயில் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பாதுகாப்புக்குக் காவல்துறையின் police.uk தளத்தை ஆங்கிலத்தில் தட்டி, போஸ்ட்கோடைக் கொடுத்தால் மாதவாரியாக, குற்ற வகைவாரியாக வரைபடம் வரும். ஸ்டேஷன், பெரிய கடைத்தெரு பக்கத்தில் எண்ணிக்கை எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும், கடைத்திருட்டெல்லாம் அதில் சேரும். நீங்கள் பார்க்க வேண்டியது குடியிருப்புத் தெருக்களில் வீடு உடைப்பு, வழிப்பறி, வன்முறை எப்படி இருக்கிறது என்பதை. புள்ளிகள் சரியான வீட்டைக் காட்டாது, தோராயமான இடம்தான், அதனால் ஒரு தெருவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், ஸ்டேஷனிலிருந்து வீடு வரை அந்த நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள், மனைவியும் கூட வரட்டும், அவருக்குச் சரி என்று பட்டால்தான் சரி. அப்புறம் நகை. ஆசியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று குறிவைத்துத் திருடுகிறவர்கள் இருப்பதால் தீபாவளி சமயத்தில் போலீசே எச்சரிக்கை விடுவதுண்டு. நல்ல ஏரியா என்பதற்காக நகையை வீட்டில் வைக்காதீர்கள்.

கோயில், தமிழ்ப் பள்ளி பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று பார்க்கிறவர்களுக்கு: வாரம் ஒருமுறை போகிற இடத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனாலும் தாங்கும், தினம் இரண்டு முறை போகிற பள்ளிக்கு அது தாங்காது. ஆனால் கணவர் ஆபீஸ் போன பின் மனைவி தனியாக இருக்கப் போகிறார், ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கப் போகிறார்கள் என்றால் அடுத்த தெருவில் தமிழ் பேச நாலு பேர் இருப்பது பெரிய பலம், அதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம்.

முதல் நாலைந்து வாரத்துக்குத் தற்காலிக வீடு எடுத்து, கவுன்சில், பள்ளி, தெரு எல்லாம் பார்த்துவிட்டுப் பெரிய ஒப்பந்தத்துக்குப் போவது நல்லது. புதுச் சட்டத்தில் வருடக்கணக்கான கட்டாயம் இல்லை, இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். உண்மையான முகவரியில் சேர்ந்த பிள்ளை, பின்னால் நீங்கள் வீடு மாறினாலும் அதே பள்ளியில் தொடரலாம். சின்னவள் பின்னால் சேரும்போது மட்டும் புது வீட்டின் தூரம் கணக்கில் வரலாம், மாறும் முன் பள்ளி அலுவலகத்தில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.