வார்ஹேமர் அண்டர்வேர்ல்ட்ஸ்: புது அணியை எடைபோட

வார்ஹேமர் அண்டர்வேர்ல்ட்ஸ் என்பது பொம்மை வீரர்கள், பகடை, கார்டுகளோடு ஆடும் மேசை விளையாட்டு. புது அணி கைக்கு வந்ததும் பொம்மைகளின் மிரட்டும் தோற்றத்தை ஒதுக்கிவிட்டு, வீரரின் கார்டில் உள்ள தாக்குதல் வரியைப் படியுங்கள். தாக்குதல் பகடையின் 6 முகங்களில் சுத்தியல் 2, வாள் 1, கிரிட்டிக்கல் 1; கிரிட்டிக்கல் எதைத் தேடுபவருக்கும் வெற்றிதான். எனவே 2 பகடையில் சுத்தியல் தேடும் வீரருக்கு ஒரு வெற்றியாவது விழ 75% வாய்ப்பு. 3 பகடையில் வாள் தேடுபவருக்கு 70% தான். பகடை எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பலர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து உயிர்ப்புள்ளி. 2 சேத அடிக்கு, அதாவது 2 உயிரைக் குறைக்கும் அடிக்கு, 3 உயிரும் 4 உயிரும் ஒன்றுதான், இரண்டாவது அடியில் வீழ்வார். 3 சேத அடி விழுந்தால் கதையே வேறு: 3 உயிர்க்காரர் அப்போதே காலி, 4 உயிர்க்காரர் நிற்பார். அதனால் சேதத்தை 1 கூட்டும் மேம்பாட்டுக் கார்டை 2 சேத வீரருக்குக் கொடுப்பது நல்ல முதலீடு.

குறிக்கோள் கார்டுகள் 12-ஐயும் மேசையில் பரப்பி, உடனே புள்ளி தருபவை, சுற்று முடிவில் தருபவை என்று பிரியுங்கள். எதிராளியின் தயவில்லாமல் எவற்றை முடிக்கலாம் என்று பாருங்கள். ஆட்டம் 3 சுற்று, சுற்றுக்கு உங்களுக்கு 4 முறை செயல்பட வாய்ப்பு; 3 முறையை விழுங்கி 1 புள்ளி தரும் கார்டை எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் கையில் வரும் 3 குறிக்கோளும் சுற்று முடிவுக்கானவை என்றால், மேம்பாட்டுக் கார்டுக்கு விலையாகக் கொடுக்க வேண்டிய குளோரி புள்ளி (குறிக்கோள் தரும் புள்ளி) இல்லாமல் அந்தக் கார்டுகள் பெரும்பாலும் கையிலேயே முடங்கிக் கிடக்கும்.