கெப்புக்குப் பூட்டுவது சைட் ஸ்டெப்பா, ராக் ஸ்லைடரா?

டபுள் கெப் (நான்கு கதவுப் பிக்கப்) வாங்கிய முதல் வெள்ளிக்கிழமை அம்மம்மாவை நல்லூருக்குக் கூட்டிப்போக வெளிக்கிட்டோம். அவரால் ஏற முடியவில்லை. கடைசியில் குசினிக்குள் கிடந்த பலகைக்கட்டையைக் கொண்டுவந்து வைத்து ஏற்றினோம். கோயிலடியில் இறக்குவதற்காக அதையும் வண்டிக்குள் போட்டுக்கொண்டு போனோம். அடுத்த கிழமையே அவசரப்பட்டு ஒரு சோடி சைட் ஸ்டெப் பூட்டினேன். இரண்டு வருடத்தில் அது துருப்பிடித்துக் கழன்றது. நீங்களாவது கொஞ்சம் பார்த்து வாங்குங்கள்.

முதலில்: எதில் பூட்டுகிறார்கள் என்று பாருங்கள்

ஹைலக்ஸ், டி-மக்ஸ், நவாரா, எல்200 கெப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஏணி மாதிரி ஒரு சேசி, அதாவது இரும்புச் சட்டகம், இருக்கிறது. அதன்மேல் ரப்பர் வைத்துத்தான் கபினை (ஆட்கள் இருக்கும் பகுதியை) இருத்தியிருக்கிறார்கள். சைட் ஸ்டெப் என்பது கால் வைத்து ஏறுவதற்கு. பெரும்பாலும் கபினின் அடி ஓரத்தில், அல்லது மெல்லிய பிராக்கெட் போட்டுச் சேசியில் பூட்டுவார்கள். ராக் ஸ்லைடரின் வேலை வேறு. கல்லிலோ மரக்குற்றியிலோ வண்டி இருந்துவிட்டால் கதவுக்குக் கீழுள்ள தகடு நசியாமல், முழுப் பாரத்தையும் அது தாங்க வேண்டும். அதனால் தடித்த குழாயில் செய்து நேரே சேசியில் பூட்டுவார்கள்.

கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதும் உண்டு. "இதில ஜக் வைச்சு வண்டியைத் தூக்கலாமோ அண்ணை?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐயோ தம்பி, அப்பிடி ஒண்டும் செய்துபோடாதையும்" என்று பதில் வந்தால் அது படிதான், குழாய் எவ்வளவு மொத்தமாகத் தெரிந்தாலும்.

ஒரு பிராக்கெட்டைச் சேசியிலும் மற்றதைக் கபினிலும் பூட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பள்ளம் திட்டியில் சேசியும் கபினும் வெவ்வேறாக ஆடும். சில மாதத்தில் எங்காவது வெடிக்கும்.

அடுத்தது: எங்கே ஓடப் போகிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் மலை என்று இருப்பது கீரிமலையின் பெயரில் மட்டும்தான். நகரம், தீவகம், ஏ9 வீதி என்று ஓடுபவருக்கு ஸ்லைடர் வீண் பாரம். வன்னிப் பக்கம் காட்டுப் பாதை, குளக்கட்டு, மாரியில் வயல் வரம்பு என்று அடிக்கடி போனால்தான் அதற்கு வேலை. அங்கே தொங்கும் சைட் ஸ்டெப் தொல்லையாகவும் ஆகும். கட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டியின் நடுப்பகுதிதான் முதலில் இடிக்கும். படி அதையும் இன்னும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. மணற்காட்டு மணலில் புதைந்தால் அதுவே கலப்பை மாதிரி மணலை உழும்.

அளவு எடுங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கதவடியில் கட்டுக்கல்லும் பலகையும் அடுக்கி, வீட்டில் வயதில் மூத்தவரை ஏறச் சொல்லுங்கள். அவருக்கு எந்த உயரம் வசதியோ, அதுதான் உங்கள் படியின் உயரம். வீட்டுப் படி 6, 7 அங்குலம்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடர் கபினோடு ஒட்டினாற்போல உயரத்தில் நிற்பதால், ஏறுவதற்கு அதனால் பெரிய உதவி கிடைக்காது. மிதிக்கும் இடம் தட்டையாக, பாதம் பதியும் அகலத்தில் இருக்கட்டும். வெறும் உருண்டைக் குழாய் மழையில் செருப்போடு வழுக்கும். ரயருக்கு வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கக்கூடாது. எங்கள் ஒழுங்கைகளும் படலைத் தூண்களும் எவ்வளவு இடம் விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரும்பா, சில்வரா, அலுமினியமா?

இங்கே கல்லைவிட உப்புக்காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். என்னுடைய முதல் படி கறுப்புப் பூச்சுப் போட்ட இரும்பு. வெளியே பளபளவென்றுதான் இருந்தது. குழாயின் இரு முனையும் மூடி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லாததால் உள்ளே இருந்தே தின்றுவிட்டது. ஆகவே வாங்கும்போது வடிகால் ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

சில்வர், அதாவது ஸ்டெயின்லெஸ் என்றால் எந்த வகை என்று கேளுங்கள். 304 பரவாயில்லை, ஆனால் கடலோரத்தில் தேநீர்க் கறை மாதிரிப் புள்ளி விழும். 316இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூட. காந்தம் ஒட்டாவிட்டால் நல்லது என்று சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள், மலிவான 201 வகையிலும் பெரும்பாலும் ஒட்டாது. அலுமினியம் இரும்பைப்போலத் துருப்பிடிக்காது, பாரமும் குறைவு. ஆனால் இரும்பு பிராக்கெட்டோடு நேரே தொட்டுக்கொண்டிருந்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரிக்கப்படும். இடையில் ரப்பரோ பிளாஸ்ரிக் வாஷரோ வையுங்கள். ஸ்லைடர் எப்படியும் கல்லில் உரசத்தான் போகிறது. அதற்குச் சாதாரணப் பெயின்ற்றே போதும், சுரண்டிய இடத்தில் நீங்களே பூசலாம்.

மின்சாரத்தில் மடங்கி விரியும் படியும் இருக்கிறது. மணலும் சேறும் மூட்டுக்குள் போகும் ஊரில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பூட்டும்போது

பெரும்பாலான கெப்புகளில் கம்பனியே விட்ட ஓட்டைகள் அடியில் இருக்கும். அவற்றுக்குப் பொருந்துவதையே வாங்குங்கள். சேசியில் புதிதாகத் துளைக்க விடாதீர்கள். அதன் ஓரமாக டீசல் குழாயும் பிரேக் குழாயும் வயர்களும் ஓடுகின்றன. ஸ்லைடரை வெல்டிங் செய்வதைவிடப் போல்ற்றில் பூட்டுவது நல்லது. வெல்டிங்தான் என்றால் முதலில் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

எல்லாப் போல்ற்றையும் கையால் ஏற்றி, இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று பார்த்த பிறகுதான் ஸ்பனரால் இறுக்க வேண்டும். மரைகளில் கிறீஸ் தடவினால் பிறகு கழற்றும்போது முறியாது. ஸ்லைடருக்கும் கபினுக்கும் இடையே இரண்டு விரல் போகும் இடைவெளி வேண்டும். 500 கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அடியையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

நான் இப்போது பூட்டியிருப்பது தட்டையான அலுமினியப் படி. அம்மம்மா தானாகவே ஏறி இருக்கிறார். ஆனாலும் பலகைக்கட்டையை சீற்றுக்கடியில் வைத்தாயா என்று வெளிக்கிடமுன் இன்னமும் கேட்பார்.